நாளைக் காலை லாரி எந்தத் தெருவுக்கு?

அவையின் நடுவே அமர்ந்து, மேசையைத் தட்டும் மரச்சுத்தியலைக் கையில் பிடித்திருக்கும் நகர்மன்றத் தலைவர் தோன் அனிபால் செபேதா அவர்களே! அவருக்கு வலமும் இடமும் வரிசை கட்டி வீற்றிருக்கும் மன்ற உறுப்பினர்களே! வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, இந்த நிமிடம் வரை காலி நாற்காலியின் வடிவில் நம்மோடு அமர்ந்திருக்கும் மாண்புமிகு மேயர் ரிகோபெர்த்தோ லாரா அவர்களே! கோயில் மணியை நமக்காக நிறுத்தி வைத்திருக்கும் பாதிரியார் அவர்களே! கடையைப் பாதி சாத்திவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களே, தம்பிமார்களே! வலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் மீனவப் பெருமக்களே!

தாய்மார்களே! பக்கத்தில் காலி கேனை வைத்துக்கொண்டு, லாரிச் சத்தம் கேட்டால் என் பேச்சின் பாதியில் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்களே! ஓடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். என் பேச்சு யார் தொண்டையையும் நனைக்காது.

கடைசி வரிசையில், பாதாம் மரத்தடியில், கறுப்புத் துணியைத் தலையில் போர்த்தி அமர்ந்திருக்கும் யாமிலே அவர்களே! உங்களை எந்த அடைமொழி போட்டு அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, தாயே. பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் பெயர் எவாரிஸ்தோ. என் முகத்தை மறந்தவர்கள் இருக்கலாம், என் குரலை மறந்தவர்கள் இந்தப் போசோ கிளாரோ ஊரில் கிடையாது. விடியற்காலை நம்மூர் வானொலியில் உங்களை எழுப்புகிற குரல் இது. பிறந்த பிள்ளைக்கு வாழ்த்துச் சொன்ன குரல். தொலைந்த கழுதைக்கு அடையாளம் சொன்ன குரல். தண்ணீர் லாரி இன்று எந்தத் தெருவுக்கு வரும் என்று சொன்ன குரல். யார் வீட்டில் இழவு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சொன்னதும் இதே குரல்தான்.

என்னய்யா? "குரல் கம்மியிருக்கு" என்கிறீர்களா? கம்மியிருக்கும் ஐயா, கம்மியிருக்கும். சென்ற ஞாயிறு, உயிர்த்தெழுந்த திருநாள் காலையில், நான்கு வயதுக் குழந்தையின் பெயரை வாசித்த தொண்டை இது. அன்றிலிருந்து இது தெளியவில்லை.

நாம் எதற்காக இங்கே கூடியிருக்கிறோம்? ஊர் கூடிக் கேட்டால் மன்றம் காது கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதனால் கூடியிருக்கிறோம். மன்றம் என்ன செய்யப் போகிறது? தீர்மானம் நிறைவேற்றப் போகிறது. அந்தத் தீர்மானத்தைத் தலைவர் சற்றுமுன் வாசித்தார், கேட்டீர்கள். "நம் ஊரின் தண்ணீரை யாருக்கு எவ்வளவு பங்கிடுவது என்பதை மாண்பமை நீதிபதி அவர்களே முடிவு செய்து தருமாறு இம்மன்றம் பணிவன்புடன் வேண்டுகிறது." ஆகா! என்ன பணிவு! என்ன அன்பு! ஓட்டுக் கேட்டு வந்தபோது வீட்டுக்கு வீடு காட்டிய பணிவைவிட இது பெரிய பணிவு! இந்தப் பணிவை எதிர்க்கத்தான் நான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

கதையை முதலில் இருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். தெரிந்த கதையை ஊர் நடுவே ஒருவன் உரக்கச் சொல்ல வேண்டிய காலமும் உண்டு.

கோடை வந்தது. கிணறு வற்றியது. ஊருக்கு இருப்பது ஒரே லாரி. அந்த லாரி எங்கெங்கோ போயிற்று. மிராதோர் மேட்டுக்கு மட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை? ஏற்றம் அதிகம், கிளட்ச் தேயும் என்றார்கள். மேட்டில் இருப்பவர்கள் மேயருக்கு ஓட்டுப் போடாதவர்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த மேட்டில்தான் நம் தெயானிரா இருக்கிறாள், பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைக்கிறவள். அவள் அம்மா படுத்த படுக்கை. முதுகெல்லாம் புண். புண்ணைக் கழுவத் தண்ணீர் இல்லை. மேயரிடம் போனாள். மேயர் என்ன சொன்னார்? அவள் வாயாலேயே கேட்டேன், அப்படியே சொல்கிறேன்.

"இங்க பாரும்மா, உனக்கு நான் அனுப்பினா கீழ்த்தெருக்காரன் சட்டையப் பிடிப்பான். அவனுக்கு அனுப்பினா நீ அழுவ. நான் யாருக்குன்னு பதில் சொல்றது? நேரா கோர்ட்டுக்குப் போ. ஒரு துத்தேலா மனு போடு. ஆர்டர் கொண்டா, நாளைக்கே லாரி உன் வாசல்ல நிக்கும். அப்ப யாரும் என்னைக் கேக்க முடியாது பாரு."

யாரும் என்னைக் கேட்க முடியாது! பெரியோர்களே, இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வையுங்கள். இந்த வரிக்குத்தான் நாம் இழவு காத்துக்கொண்டிருக்கிறோம்.

போனாள் தெயானிரா. வக்கீல் வேண்டாம், கட்டணம் வேண்டாம், ஒரு வெள்ளைத்தாள் போதும், உன் உயிருக்கான உரிமையை நீதிபதி உடனே பார்த்தாக வேண்டும் என்று நம் அரசியல் சாசனம் ஏழைக்குத் தந்த கைத்தடி அல்லவா துத்தேலா! நீதிபதி ஒத்திலியா மெந்திவில் அம்மையார் வாசித்தார். தெயானிராவின் வீட்டுக்கே நடந்துபோய் அந்தப் புண்ணையும் பார்த்தார். உத்தரவு போட்டார். மிராதோர் மேட்டுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், தவறினால் மேயருக்குச் சிறை.

லாரி ஏறியது! கிளட்ச் தேயவில்லை! மேடே கொட்டு முழக்கியது. தெயானிராவின் அம்மா இன்றும் உயிரோடு இருக்கிறார். அந்தத் தீர்ப்பு இல்லையென்றால் அவர் பெயரையும் நான் வாசித்திருப்பேன். கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். தட்ட வேண்டிய இடம்தான். இந்தக் கைதட்டலோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மறுவாரம் சந்தைத்தெரு போனது. அதற்கடுத்து கப்பல்துறைத் தெரு போனது. பள்ளிக்கூடத்தெரு, தச்சர் தெரு, எல்லாரும் போனார்கள். எல்லாருக்கும் உரிமை உண்டு, எல்லாருக்கும் உத்தரவு கிடைத்தது. ஒவ்வொரு உத்தரவிலும் 'தினமும்' என்று எழுதியிருந்தது. உத்தரவு பெருகியது. லாரி பெருகியதா? நீதிபதியின் பேனாவுக்கு லாரி பெற்றுப்போடத் தெரியுமா?

இதற்கு நடுவே இந்த மன்றம் என்ன செய்தது? ஒரு காலத்தில் இந்த மேடையில் தண்ணீர் முறைக்காகச் சண்டை நடக்கும். நாற்காலி பறக்கும். தோன் அனிபால், உங்கள் நெற்றித் தழும்பு அந்தச் சண்டையில் வாங்கியதுதானே? சிரிக்காதீர்கள் ஐயா, அதைப் பெருமையாகச் சொல்கிறேன். அசிங்கமான சண்டைதான். கெட்ட வார்த்தை பறக்கிற சண்டைதான். ஆனால் முடிவில் ஒரு முறை பிறக்கும். திங்கள் உனக்கு, செவ்வாய் எனக்கு என்று ஊர் ஊரோடு பேசி முடிக்கும். அநியாயமாக முடிந்தால், முடித்தவனை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்புவோம். அந்தச் சத்தம்தான் ஐயா அரசியல்! உத்தரவுகள் வரத் தொடங்கியதும் அந்தச் சத்தம் நின்றது. "விஷயம் கோர்ட்டில் இருக்கிறது" என்று ஒரே வாக்கியம். மேயர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சின்னப் பை, அதில் ஒரு பைஜாமா, ஒரு பல் துலக்கி. யார் கேட்டாலும் பையைத் தூக்கிக் காட்டுவார். "மீறினா உள்ள போயிருவேன் அண்ணே, பை ரெடி." ஊர் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டது! மன்றம் அமைதியானது. அதிகாரிகள் நிம்மதியானார்கள். அமைதி, அமைதி, எங்கு பார்த்தாலும் அமைதி! சுடுகாட்டில் இருப்பதும் அதே அமைதிதானே?

இப்போது லாஸ் பல்மாஸ் தெருவுக்கு வருகிறேன்.

ஊரின் அடிவாரத் தெரு. உப்பளத்துக்குப் போகிற ஆண்கள், கருவாடு காயவைக்கிற பெண்கள். அவர்கள் மட்டும் துத்தேலா போடவில்லை. ஏன்? அறியாமை என்றார் இங்கே பேசிய ஒரு பெரிய மனிதர். அறியாமை இல்லை ஐயா. யாமிலேயின் கணவர் என்னிடம் சொன்னது இது. "பக்கத்துத் தெருக்காரன் தண்ணிய கோர்ட்டு மூலமாப் புடுங்கச் சொல்றீங்களா அண்ணே? நாளைக்கு அவன் மூஞ்சில எப்படி முழிக்கிறது? மன்றத்துல பேசித் தீர்ப்பாங்க. பொறுத்துக்குவோம்." உங்களை நம்பினார்கள், உறுப்பினர்களே! கோர்ட்டை நம்பிய தெருவெல்லாம் நனைந்தது. உங்களை நம்பிய ஒரே தெரு காய்ந்தது.

புனித வாரம் வந்தது. புதன்கிழமை யாமிலே மேயர் அலுவலகத்துக்குப் போனாள். மேயர் கேட்டார், "ஆர்டர் இருக்கா?" இல்லை. "ஆர்டர் இல்லாம நான் லாரியத் திருப்பினா, ஆர்டர் இருக்கிறவன் என்னை உள்ள தள்ளிருவான். புரியுதாம்மா?" கோர்ட்டுக்கு ஓடினாள். மாலையாகிவிட்டது, கதவு சாத்தியாயிற்று. காவலாளி கம்பி வழியாகச் சொன்னான், "நாளைக்குப் பெரிய வியாழன், மறுநாள் பெரிய வெள்ளி, லீவு தாயி. திங்கக்கெழமை வா." தாகத்துக்கு லீவு உண்டா, தாய்மார்களே? குழந்தையின் தொண்டைக்குப் பெரிய வெள்ளி தெரியுமா?

வியாழக்கிழமை லாரியை வழிமறித்தாள். மேட்டுக்குப் போகிற பாதை அவள் வாசல் வழியாகத்தானே போகிறது! தினமும் அவள் வாசலைத் தாண்டித்தானே அந்த லாரி தளும்பித் தளும்பி ஏறியது! ஓட்டுநர் எலியேசெர் இறங்கி நின்று அழாக்குறையாகப் பேசினார். "அக்கா, என் கையில ஒண்ணும் இல்லக்கா. பக்கத்துல போலீஸ் உக்காந்திருக்கு பாரு. இங்க ஒரு வாளி ஊத்தினாலும் கேஸுங்கிறான்." அவள் விலகி வழிவிட்டாள். சத்தம் போடவில்லை. கல்லெறியவில்லை. வழிவிட்டாள்.

புனித வாரத்தில் நம்மூரில் என்ன வழக்கம்? வீட்டுக்கு வீடு இனிப்புக் கிண்ணம் போகும். சண்டைக்காரன் வீட்டுக்கும் போகும். வெள்ளிக்கிழமை காலை மேட்டிலிருந்து தெயானிரா, யாமிலேயின் வீட்டுக்குத் துவரை இனிப்பு அனுப்பினாள். நல்ல மனசு. நல்ல இனிப்பு. யாமிலேயின் மகள் மரியானெலா, நான்கு வயதுப் பிள்ளை, கிண்ணத்தை வழித்துத் தின்றாள். தின்றுவிட்டு என்ன கேட்டிருப்பாள்? இனிப்புத் தின்ற பிள்ளை என்ன கேட்கும்?

வீட்டில் சொட்டு இல்லை. அண்டை வீட்டில் இல்லை. தெருவிலேயே இல்லை. பிள்ளை மாடு குடிக்கிற குட்டைக்குப் போயிருக்கிறாள், இரண்டு கையாலும் அள்ளிக் குடித்திருக்கிறாள்.

பொறுங்கள். இன்னும் முடியவில்லை. இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

அதே வெள்ளிக்கிழமை மதியம் லாரி மேட்டில் நிற்கிறது. மேட்டில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, விடுமுறைக்குச் சொந்த ஊர் போய்விட்டார்கள். தொட்டிகள் முந்தின நாளே நிறைந்துவிட்டன. தெயானிரா லாரிக்காரரிடம் கெஞ்சினாள்.

"தொட்டி நெறஞ்சிருக்கு அண்ணே, கண்ணால பாருங்க. கீழ பல்மாஸ்ல போய் ஊத்துங்க."

எலியேசெர் போலீஸ்காரர் முகத்தைப் பார்த்தார். போலீஸ்காரர் உத்தரவைப் பார்த்தார்.

"இதுல மிராதோர் மேடு, தினமும்னுதான் இருக்கு. நெறஞ்சா நிறுத்துன்னு இல்ல. கீழ்த்தெருன்னும் இல்ல. நாளைக்கு எவனாவது ஊத்தலன்னு எழுதிப்போட்டா என் வேலை போயிரும். ஊத்துய்யா."

ஊற்றினார்கள். நிறைந்த தொட்டியில் ஊற்றினார்கள்! பெரிய வெள்ளி அன்று, கோடையில், வறட்சியில், நிறைந்த தொட்டியில் நல்ல தண்ணீரை ஊற்றினார்கள்! தொட்டி வழிந்தது. தரை நனைந்தது. தண்ணீர் சரிவில் இறங்கியது. சாக்கடையில் கலந்தது. அது கீழே வந்து சேர்ந்தபோது யாமிலே வாசலில் நின்றுகொண்டிருந்தாள், வாந்தியெடுக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு. தன் காலடியில் அந்தத் தண்ணீர் சேறாக ஓடுவதைப் பார்த்தாள்.

அதை அவள் பார்த்தாள், ஐயா. நீங்களும் நானும் கேட்கத்தான் செய்கிறோம்.

ஞாயிறு காலை நான் வானொலியில் பெயரை வாசித்தேன்.

யாரது கத்துவது? கறிக்கடை ஒபெத்தா? "கோர்ட்ட மூடுங்க" என்கிறாயா? உட்கார் தம்பி, உட்கார். உன் கோபம் எனக்குப் புரிகிறது. கோர்ட்டை மூடினால் என்ன ஆகும் தெரியுமா? தெயானிராவின் அம்மா செத்திருப்பார். மேயருக்குப் பிடிக்காத தெருவெல்லாம் செத்திருக்கும். ஓட்டு இல்லாதவனுக்கும், ஆள்பலம் இல்லாதவனுக்கும் இந்த ஊரில் திறந்திருந்தது அந்த ஒரு கதவுதான். அதை மூடச் சொல்கிறவன் கூட்டத்தில் நான் இல்லை. கைதட்டாவிட்டாலும் பரவாயில்லை, இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

நீதிபதி அம்மையார் அடக்கத்துக்கு வந்தார், பார்த்தீர்கள். தனியாக நடந்து வந்து கல்லறைச் சுவரோரம் நின்றார். நான் கோபத்தோடு போனேன். "உங்க உத்தரவு என்ன பண்ணிருக்குன்னு பாருங்கம்மா" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "பாக்கத்தான் வந்தேன் எவாரிஸ்தோ. 'தினமும்'னு எழுதினது நான்தான். அது என் தலைமேல இருக்கு, நான் எங்கயும் எறக்கி வைக்க முடியாது. ஆனா ஒண்ணு கேக்குறேன். ஒருத்தி வந்தா, தண்ணி எனக்கு உரிமையா இல்லையான்னு கேட்டா. உரிமைன்னேன். அடுத்தவ வந்தா, அவளுக்கும் உரிமைன்னேன். யாரைப் பாத்து இல்லன்னு சொல்றது? ஒவ்வொருத்தராத்தானே வந்தாங்க? ஊரு மொத்தமா என் முன்னாடி வரலையே. வராதவங்க முகம் எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப நீங்களே ஊரு மொத்தத்துக்கும் பங்கு போட்டிருக்கலாமே?"

"போடலாம். தப்பாப் போட்டா? என்னை எந்தத் தேர்தல்ல எறக்குவீங்க? எனக்கு யாரும் ஓட்டுப் போடல, யாரும் ஓட்டுப் போட்டு எறக்கவும் முடியாது. அப்படிப்பட்டவ கையில லாரிச் சாவியக் குடுக்காதீங்க. யாரையும் விட்டுராதீங்கன்னு சொல்றது என் வேலை. யாருக்கு முதல்ல, யாருக்கு அப்புறம், யாருக்கு ஏன் குறையுதுன்னு ஊரு மூஞ்சியப் பாத்துச் சொல்றது எதிர்த்தாப்புல மன்றத்துல உக்காந்திருக்கிறவங்க வேலை. அவங்க கோர்ட்டு வாசல்ல வந்து ஒளிஞ்சுக்கிட்டாங்க எவாரிஸ்தோ. நானும் கதவைத் திறந்துவிட்டுட்டேன்."

கேட்டீர்களா? நம்மால் இறக்க முடியாதவர் "சாவியைத் தராதீர்கள்" என்கிறார். நாம் ஏற்றி வைத்தவர்கள் "சாவி வேண்டாம், வேண்டாம்" என்கிறார்கள்! சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் கோர்ட்டு, இந்தப் பக்கம் மன்றம். நடுவே எல்லை எங்கே என்று பட்டணத்துப் படிப்பாளிகள் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்களாம். நமக்கு அந்த எல்லை எங்கே என்று தெரியும் பெரியோர்களே. அது லாஸ் பல்மாஸ் தெருவில் இருக்கிறது. யாமிலேயின் வாசலில் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தண்ணீரும் இந்தப் பக்கத்துத் தண்ணீரும் எட்டாத அந்த இடத்தில் ஒரு பிள்ளை தனியாக நின்றது.

மன்றத்தாரே! உங்களைக் கேட்கிறேன். குளம் வெட்டவா கேட்டோம்? கடலைக் குடிநீராக்கவா கேட்டோம்? இருக்கும் ஒரு லாரியை எட்டுத் தெருவுக்கும் எப்படி ஓட்டுவது என்று முடிவு எடுக்கச் சொன்னோம். ஒருவனுக்குக் கொடுத்தால் ஒருவன் திட்டுவான் என்று பயந்தீர்கள். திட்டு வாங்கத்தானே ஐயா உங்களைத் தேர்ந்தெடுத்தோம்! திட்டு வாங்காத நாற்காலி வேண்டுமென்றால் வீட்டில் இல்லையா நாற்காலி? இன்று அதே பயத்தைத் தீர்மானமாக எழுதி, அதற்குப் பணிவு என்று பெயர் வைத்து, கையைத் தூக்கப் போகிறீர்கள். ஒரு பிள்ளையை அடக்கம் செய்த மண் இன்னும் இறுகவில்லை!

என்ன சொல்கிறார் உறுப்பினர்? மைக்கில் சொல்லுங்கள், காதில் விழவில்லை. "உத்தரவுகள் இருக்கும்போது முறை போட்டால் நாங்கள் சிறைக்குப் போவோம்" என்கிறார். நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன். எட்டுத் தெருவும் சேர்ந்து இங்கே ஒரு முறையை முடிவு செய்து, அந்தக் கோர்ட்டுப் படியேறி, "அம்மா, இதோ ஊர் மொத்தமாக வந்திருக்கிறோம், இதில் யாராவது விடுபட்டிருக்கிறார்களா பாருங்கள், உங்கள் 'தினமும்' என்ற சொல்லை மாற்றித் தாருங்கள்" என்று கேளுங்கள். ஊர் வரவில்லை என்று வருத்தப்பட்டவர் அவர். ஊரே வந்தால் கேட்காமல் போவாரா? அப்படியும் சிறை என்றால் போங்கள் ஐயா! மேயரிடம் பை ஒன்று தயாராக இருக்கிறது, கடன் கேளுங்கள்!

மேட்டுத்தெரு மக்களே, உங்களுக்கும் கசப்பான ஒன்றைச் சொல்கிறேன். முறை வந்தால் உங்களுக்குத் தினமும் வராது. குறையும். தெயானிரா இதோ முன்வரிசையில் இருக்கிறாள். நேற்று என்னிடம் வந்து அவள் சொன்னதை, அவள் அனுமதியோடு சொல்கிறேன். "அண்ணே, இனிப்பு குடுத்தனுப்பினேன். கூட ஒரு செம்பு தண்ணி குடுத்தனுப்பணும்னு தோணவே இல்லண்ணே. ஆர்டர் தண்ணி, அடுத்தவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னே நெனச்சுட்டேன்." நாம் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம், தங்கையே. பக்கத்துவீட்டுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கவும் கோர்ட்டைக் கேட்கிற ஊராகிவிட்டோம்.

தலைவர் சுத்தியலைத் தூக்குகிறார். முடித்துக்கொள்கிறேன் தலைவரே, முடித்துக்கொள்கிறேன்.

மன்றத்தாரே, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. நாளைக் காலை லாரி எந்தத் தெருவுக்கு? சிந்தித்துச் சொல்லுங்கள், சண்டை போட்டுச் சொல்லுங்கள், நாற்காலியைத் தூக்கி எறிந்துகொண்டாவது சொல்லுங்கள். நாங்கள் கலையாமல் காத்திருக்கிறோம்.

காலை ஆறு மணிக்கு நான் மைக்கைத் திறப்பேன். லாரி எந்தத் தெருவுக்குப் போகிறது, முடிவு செய்தவர்கள் யார் யார் என்று உங்கள் பெயரைச் சொல்லி வாசிப்பேன். திட்டுகிறவன் உங்களைத் திட்டட்டும். வாழ்த்துகிறவன் உங்களை வாழ்த்தட்டும். நீங்கள் முடிவு செய்யாமல் எழுந்து போனால் அதையும் வாசிப்பேன். "இன்று லாரி எங்கே போகும் என்று யாரும் முடிவு செய்யவில்லை" என்பேன். சொல்லிவிட்டு மரியானெலாவின் பெயரை வாசிப்பேன். மறுநாளும் வாசிப்பேன். இழவுச் செய்தியை ஒருமுறைதான் வாசிப்பது வழக்கம். இந்தப் பெயரை மட்டும், நீங்கள் முடிவு செய்கிற நாள் வரைக்கும், தினமும்.

அழைத்தவர்களுக்கு நன்றி. பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. கேட்காததுபோல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் நன்றி, உங்கள் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். கடைசி வரிசையில் இருக்கும் யாமிலே அவர்களே, உங்களுக்குத் தலைவணங்கி இறங்குகிறேன். எல்லோருக்கும் வணக்கம்.